கல்யாண இலைக்கு எத்தனை இனிப்பு?

தை பிறந்தால் கல்யாணம். ஆவணி வந்தால் கல்யாணம். முகூர்த்த நாள் குறித்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, நகை. அடுத்த பேச்சு, சாப்பாடு.

"இலைக்கு எத்தனை இனிப்புங்க?" என்று சமையல்காரர் கேட்பார்.

"நாலு போடுங்க. சம்பந்தி வீட்டார் குறை சொல்லக் கூடாது!" என்பார் பெண்ணின் தகப்பனார்.

இந்த ஒரு வார்த்தையின் விலை என்ன? கணக்குப் பார்ப்போம்.

நெய் வரி குறைந்தது

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், ஜி.எஸ்.டி. வரியில் பல மாறுதல்கள் வந்தன. நெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆயிற்று. பாதாம், பிஸ்தா ஆகியவற்றின் வரியும் அப்படியே குறைந்தது.

இதனால் கல்யாண வீட்டுக்கு எவ்வளவு லாபம்?

வரி சேர்க்காமல் ஒரு கிலோ நெய் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதற்கு வரி 72 ரூபாய். குறைத்த பிறகு 30 ரூபாய். கிலோவுக்கு 42 ரூபாய் மிச்சம். 10 கிலோ நெய் வாங்கினால் 420 ரூபாய் மிச்சம் ஆகும். நல்லதுதான்.

கடல் கடந்து வரும் எண்ணெய்

எண்ணெயின் கதை வேறு. நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. பாமாயிலைப் பெரும்பாலும் இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்புகின்றன.

2022 ஏப்ரல் 28-ந் தேதி, பாமாயிலை வெளியே அனுப்பக் கூடாது என்று இந்தோனேசியா தடை போட்டது. மே 23-ந் தேதிதான் தடை நீங்கியது. பிறகு 2024 செப்டம்பரில் நம் மத்திய சர்க்கார், சுத்திகரிக்காத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி விதித்தது. 2025 மே மாதக் கடைசியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தது.

இப்படி ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. எங்கோ போடும் உத்தரவு, நம் வீட்டு வாணலி வரை வந்து எட்டுகிறது.

நம் கையில் இருப்பது ஒன்றுதான். அது இலையில் வைக்கும் இனிப்பின் எண்ணிக்கை!

இதோ கணக்கு

300 பேருக்குச் சாப்பாடு. ஓர் இனிப்பு 20 ரூபாய் என்று கொள்வோம். ஓர் இனிப்பைக் கூட்டினால் 6,000 ரூபாய். இரண்டுக்குப் பதில் நான்கு வைத்தால், கூடுதல் செலவு 12,000 ரூபாய்.

கையில் பணம் இருப்பவருக்கு இது பெரிதல்ல. கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவருக்கு? மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால், 12,000 ரூபாய்க்கு மாதம் 360 ரூபாய் வட்டி. நெய் வரி குறைந்ததால் மிஞ்சிய 420 ரூபாய், ஒரு மாத வட்டிக்குத்தான் காணும். அடுத்த மாதம்?

பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். கடன் போகாது.

இலையைப் பாருங்கள்

பந்தி முடிந்ததும் இலைகளை ஒருமுறை பாருங்கள். கடித்த பாதி, தொடாத முழுசு என்று எத்தனை இனிப்பு கிடக்கிறது!

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023-ல் கூறியது. நம் பந்தியிலும் அவர்கள் இருப்பார்கள். நான்கு இனிப்பை அவர்கள் முன்னால் வைத்து என்ன பயன்?

எதைச் செய்யலாம்?

மைசூர்பாகு நெய் குடிக்கும். பாதாம் அல்வா, நெய்யோடு பணத்தையும் குடிக்கும். பூந்தி லட்டு அப்படி அல்ல. அதில் பெரும் பங்கு சர்க்கரையும் கடலை மாவும். ஒரு கிலோ நெய் விலையில் பத்துக் கிலோ சர்க்கரை வாங்கிவிடலாம்.

ஒரு கிலோ கடலை மாவுக்கு இரண்டு கிலோ சர்க்கரை போட்டால், சுமார் மூன்றரைக் கிலோ லட்டு கிடைக்கும். 50 கிராம் வீதம் 70 உருண்டை. ஆகவே 5 கிலோ மாவு, 10 கிலோ சர்க்கரையில் 350 லட்டு தேறும். 300 பேருக்கு இது தாராளம். மிஞ்சினால் தாம்பூலப் பையில் போடலாம். வீணாகாது.

பூந்தியை மொறுமொறுப்பாக விடாமல் மெத்தென்று எடுக்க வேண்டும். பாகு ஒற்றைக் கம்பிப் பதம் போதும். சூடு ஆறும் முன் பிடிக்க வேண்டும். நெய் வாசனைக்குக் கடைசியில் கொஞ்சம் சேர்த்தால் போதும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே செய்து வைக்கலாம்.

இரண்டாவது இனிப்பு பாயசம். பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப் பால் இருந்தால் போதும். ஆளுக்கு 100 மில்லி வீதம் 30 லிட்டர் வேண்டும்.

இதில் சிக்கனம் வேண்டாம்

பலமுறை காய்ந்த எண்ணெயில் பூந்தி பொரிக்க விடாதீர்கள். அது உடம்புக்குக் கேடு. சாயப் பொடியை அள்ளிப் போட விடாதீர்கள்.

கடையில் வாங்குவதானால் தேதியைப் பாருங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்பை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1-ந் தேதி வந்த விதி இது. பால் இனிப்பு சீக்கிரம் கெடும். அதை முன்கூட்டி வாங்கக் கூடாது.

இரண்டே இனிப்பு. இரண்டும் சுத்தமாக, ருசியாக, கேட்டவர்க்கு மறுமுறை போடும்படி இருக்கட்டும். "இன்னொரு லட்டு வையுங்கள்" என்று சம்பந்தி கேட்டால், அதைவிடக் கௌரவம் உண்டா?

அடுத்த முறை சமையல்காரர் கேட்கும்போது, தயங்காமல் சொல்லுங்கள்: "இரண்டு போதும்!"