சிறிய வண்டியா, பெரிய வண்டியா?



காட்கோபரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமே இம்மாதம் நம் சிந்தனைக்குப் பொருளாகிறது. அவருடைய கணவர் வாஷி மொத்தச் சந்தையில் அரிசி, பருப்பு, வெங்காயம் வாங்கி, காட்கோபர், செம்பூர் பகுதிகளிலுள்ள உணவு விடுதிகளுக்கும் சிறு கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இதுவரை வாடகை டெம்போவில் நடந்த தொழில். இப்பொழுது சொந்த வண்டி வாங்க விரும்புகிறார்கள். ஊரில் குட்டி யானை என்றும் மும்பையில் சோட்டா ஹாத்தி என்றும் அழைக்கப்படும் சிறிய வண்டி போதும் என்பது சகோதரியின் எண்ணம். ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றும் பெரிய பிக்கப் வண்டியே வேண்டும் என்பது கணவரின் விருப்பம். பெரியதாகக் கேட்டால் தேவன் பெரியதாகவே கொடுப்பார், ஞாயிறுதோறும் விசுவாசிகளையும் அதிலே ஆராதனைக்கு ஏற்றி வரலாம் என்கிறாராம். முன்பணத்திற்குச் சகோதரியின் நகைகளை அடகு வைக்கவேண்டும். மகளோ அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகவேண்டியவள்.

கடிதத்தின் கடைசி வரியில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கணக்குப் பார்த்துக் கலங்குகிறேனே, இது என் அவிசுவாசமா?

சகோதரியே, அது அவிசுவாசம் அன்று. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று போதித்தவர் நம் ஆண்டவரே (லூக்கா 14:28-30). அஸ்திபாரம் போட்டு முடிக்கமுடியாமல் நின்றுபோனவனைப் பார்த்து ஊரார் பரியாசம்பண்ணுவார்கள் என்றும் அவர் எச்சரித்தார். ஜெபித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பதே உக்கிராணக்காரனுக்கு அழகு. ஆகவே நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

1. வண்டிகளை அறிந்துகொள்ளுங்கள்

2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் இஞ்சின், முக்கால் டன் பாரம், மூன்று சக்கர வண்டி நுழையும் சந்துகளில் பெரும்பாலும் நுழையக்கூடிய உடற்கட்டு ஆகியவற்றால் சிறு வியாபாரிகள் பலர் முதன்முறையாக நான்கு சக்கர வண்டிக்கு உரிமையாளரானார்கள். 2016-இல் மாருதி சூப்பர் கேரி வந்தது. 2025 ஜூன் மாதத்தில் ஏஸ் புரோ என்னும் புதிய வண்டி 3.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அறிமுகமானது. இவை யாவும் ஏறக்குறைய 600 முதல் 750 கிலோ வரை ஏற்றும் சிறிய வகை.

அடுத்த வகை, ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுபவை. நம் ஓசூரில் உருவாகி 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் தொடக்கத்தில் ஒன்றேகால் டன் ஏற்றும் வண்டியாக வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப் வண்டியில் 1.3 டன், 1.7 டன் என்று பல அளவுகள் உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர் சிலர் அங்கே ஓட்டிய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டியைத் தேடுகிறார்கள். இரண்டு வரிசை இருக்கைக்குப் பெரும்பணம் கொடுத்து, சரக்குத் தட்டைக் குறுக்கிக்கொள்வது மூட்டை வியாபாரத்திற்கு ஏற்றதன்று.

அந்தச் சகோதரரின் மூட்டைக் கணக்கில் இதைப் பார்ப்போம். 750 கிலோ என்பது ஐம்பது கிலோ மூட்டைகள் 15. 1.3 டன் என்பது 26 மூட்டைகள். 1.7 டன் என்பது 34 மூட்டைகள்.

எடை மட்டும் பார்த்தாலும் போதாது. அரிசி சிறிய இடத்தில் பெரும்பாரம். சமையல் ஒப்பந்தக்காரரின் அண்டாக்களும் நாற்காலிகளும் எடையில் குறைவு, இடமோ மிகுதியாய்க் கேட்கும். சிறிய வண்டியின் தட்டு ஏறக்குறைய ஏழடி நீளம். பெரிய வண்டிகளில் எட்டு முதல் பத்தடி வரை கிடைக்கும். அரிசி வியாபாரி எடையைப் பார்த்தும், பந்தல் சாமான் ஏற்றுகிறவர் நீளத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ளவேண்டும்.

எரிபொருளும் பாரத்தைத் தொடும். சூப்பர் கேரியின் பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றும், சி.என்.ஜி. வண்டிக்கோ 625 கிலோதான். வாயு உருளையின் எடைக்காக இரண்டு மூட்டைக்கு மேல் விட்டுக்கொடுக்கிறோம். ஆனாலும் மும்பையில் சி.என்.ஜி. நிலையங்கள் பரவலாக உள்ளன, செலவும் குறைவு. மும்பை வட்டாரத்தில் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்தமுடியுமா என்று ஆராய 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு ஒரு குழுவையும் அமைத்தது. பத்தாண்டு ஓட்ட நினைத்து டீசல் வண்டி வாங்குகிறவர் இதையும் மனதில் வைக்கவேண்டும்.

2. சந்தை அளந்து பாருங்கள்

ஏஸ் வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் 3.8 மீட்டர். பெரிய பிக்கப் ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளம். காகிதத்தில் இது சிறு வித்தியாசம். அசல்ஃபா குன்றின் அடிவாரத்திலோ, காமராஜ் நகரின் ஒரு குறுகிய சந்திலோ வண்டியைத் திருப்புகிறவருக்கு அது அரைமணி நேர வித்தியாசம். வாங்குமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, நீங்கள் சரக்கு இறக்கும் ஒவ்வொரு கடை வாசலுக்கும் போய் அளந்து வாருங்கள். இரவில் வண்டி நிற்கும் இடத்தையும் அளவுங்கள். சொந்த இடம் இல்லாவிட்டால் மாதந்தோறும் நிறுத்துமிடக் கட்டணம் ஒரு தவணையைப்போல உங்களைத் தொடரும்.

சவுல் தன் போர்க்கவசத்தைத் தாவீதுக்கு அணிவித்தான் (1 சாமுவேல் 17:38-40). அது ராஜாவின் கவசம், உயர்ந்ததுதான். ஆனாலும் அதை அணிந்து நடந்து பழகாத தாவீது கழற்றி வைத்துவிட்டு, தன் கைக்குப் பழகிய கவணை எடுத்துக்கொண்டான். பிறருக்குப் பொருந்திய வண்டி நமக்குப் பாரமாகலாம்.

3. சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்கிறது. சிறிய வண்டிகள் இந்த எல்லைக்குள் அடங்கும். பெரிய பிக்கப் வண்டிகளில் சில இதைத் தாண்டும். விற்பனையாளரிடம் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் பெற்றவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தகுதிச் சான்றிதழை முதல் எட்டாண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும்.

சிறிய வண்டி வாங்கிப் பெரிய பாரம் ஏற்றலாம் என்று எண்ணாதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி அதிக பாரத்திற்கு 20,000 ரூபாய் அபராதம். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடுதல். பாரத்தை இறக்கும் செலவும் உங்களுடையது. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, மழைக்காலச் சாலையில் நிற்காத பிரேக். நீதிமான் தன் மிருகஜீவனின் நலனையும் எண்ணுகிறவன் என்று வேதம் போதிக்கிறது (நீதிமொழிகள் 12:10). வண்டிக்கு ஜீவன் இல்லை. அதன் எதிரே சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு உண்டு.

4. மெலிந்த மாதத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யுங்கள்

நான்கு லட்சம் ரூபாய்க் கடனுக்கு, குறையும் நிலுவைமேல் ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில், 48 மாதத் தவணை ஏறக்குறைய 10,340 ரூபாய். எட்டு லட்சத்திற்கு 20,680 ரூபாய். வட்டி ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணக்கை இந்த முறையில் போட்டுப் பாருங்கள்.

ஒரு தந்திரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். சில முகவர்கள் ஏழு விழுக்காடுதான் என்பார்கள். அது முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை போடப்படும் நிலையான வட்டி. ஆறு லட்சத்திற்கு நான்கு ஆண்டு வட்டி 1,68,000; தவணை 16,000. குறையும் நிலுவைக் கணக்கில் இது பன்னிரண்டரை விழுக்காட்டுக்கும் மேலாகும். ஆகவே விழுக்காட்டைக் கேட்டு மகிழாமல், மொத்தம் எவ்வளவு திருப்பிச் செலுத்தவேண்டும் என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேளுங்கள். இன்சூரன்ஸ், டயர், பழுது, ஓட்டுநர் கூலி ஆகியவற்றை அதன்மேல் கூட்டுங்கள்.

இந்தத் தொகையை எந்த மாத வருமானத்தோடு ஒப்பிடுவது? தீபாவளி மாதத்தோடு ஒப்பிடுகிறவர்கள் அநேகர். யோசேப்போ கொழுத்த பசுக்களின் காலத்திலேயே மெலிந்த பசுக்களின் காலத்திற்குத் திட்டமிட்டான் (ஆதியாகமம் 41). மே மாதத்தில் நம் ஜனங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், விடுதிகளில் கூட்டம் குறையும். ஜூலையில் மழை இரண்டு நாள் வழியை அடைக்கும். அந்த மாத வருமானத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் தசமபாகமும் போக மீந்திருப்பது எதுவோ, அதற்குள் தவணை அடங்கவேண்டும். அடங்காவிட்டால் அந்த வண்டி உங்களுடையதன்று; கடன் கொடுத்தவருடையது.

5. ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து

விசுவாசிகளை ஏற்றி வரலாம் என்னும் சகோதரரின் எண்ணம் நல்ல இருதயத்திலிருந்து வந்தது. ஆனால் சரக்குத் தட்டில் மனிதரை ஏற்றுவது சட்டத்திற்கு விரோதம். அப்படி இலவசமாக ஏறினவர்கள் விபத்துக்குள்ளானால் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்காது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது. கன்வென்ஷன் கூட்டத்திற்குப் பாடிக்கொண்டே போகும் தாய்மாரையும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். ஒரு திருப்பத்தில் வண்டி கவிழ்ந்தால், இழப்பீடு முழுவதும் அந்தச் சகோதரரின் குடும்பத்தின்மேல் விழும். போன உயிரும் திரும்பாது. புது வீடு கட்டுகிறவன் ஒருவனும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்பது தேவன் கொடுத்த கட்டளை (உபாகமம் 22:8). மேய்ப்பர்களுக்கும் இதை மிகுந்த தாழ்மையோடு சொல்லுகிறேன்: சரக்கு வண்டியில் விசுவாசிகள் வந்திறங்கினால் ஸ்தோத்திரம் சொல்லி வரவேற்காதேயுங்கள். பேருந்துக் கட்டணத்திற்குக் காணிக்கை எடுங்கள்.

சகோதரிக்கும் அவர் கணவருக்கும்

சகோதரி மூன்று மாத டெம்போ வாடகைச் சீட்டுகளையும் கூட்டி அனுப்பியிருந்தார். மாதம் 26 வேலை நாட்களில் 21 நாட்கள் பாரம் 600 கிலோவுக்குள். ஐந்து நாட்கள் மட்டும் ஒரு டன்னைத் தாண்டுகிறது. அந்த ஐந்து நாட்களுக்காக மாதம் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதல் தவணையை நான்கு ஆண்டுகள் சுமக்கவேண்டுமா? அவர்களுடைய சீட்டுகளின்படி ஐந்து நாள் டெம்போ வாடகை அதைவிடக் குறைவே.

பேதுருவின் வலை கிழியத்தக்கதாக மீன்கள் அகப்பட்ட நாளை நினைவுகூருங்கள் (லூக்கா 5:6-7). அவன் மற்றப் படவிலிருந்த கூட்டாளிகளைச் சைகைகாட்டி அழைத்தான். இரண்டு படவுகளும் நிரம்பின. மிகுதியான நாளில் கூட்டாளியின் படவை அழைப்பது வெட்கமன்று. அந்த ஐந்து நாட்களில் டெம்போக்காரரை அழையுங்கள். அவருடைய வீட்டிலும் அடுப்பு எரியட்டும்.

சகோதரரே, பெரிய வண்டி பாவம் என்று நான் சொல்லவில்லை. மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் பாரம் ஒரு டன்னைத் தாண்டும் காலம் வரும்போது, இரவு நிறுத்த இடமும் இருக்கும்போது, சந்தோஷமாய்ப் பெரியதை வாங்குங்கள். அப்பொழுது சிறியதைப் பிடித்துக்கொண்டிருப்பதே நஷ்டம். இப்பொழுதோ சிறியதில் தொடங்குங்கள். உங்கள் மனைவியின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அது கைகொடுக்கக்கூடும். வண்டியின் நீளத்தைக்கொண்டு தேவன் நம் விசுவாசத்தை அளப்பதில்லை.

பிரியமானவர்களே, வண்டி வாங்க நினைக்கிற யாவரும் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். முப்பது நாட்கள் ஏற்றின பாரத்தையும், போன தூரத்தையும், கிடைத்த பணத்தையும் எழுதுங்கள். முப்பத்தோராம் நாள் கணவனும் மனைவியும் அதைத் திறந்து வைத்து, ஒன்றாய் முழங்காற்படியிட்டு ஜெபித்துவிட்டு, அதன்பின் விற்பனைக் கூடத்திற்குப் போங்கள்.

உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர்தாமே ஆசீர்வதித்து, உங்கள் போக்கையும் வரத்தையும் காத்தருள்வாராக. ஆமென்.