மருந்தை மாற்றும் முன் திசுவைப் பாருங்கள்

ஓசிமெர்டினிப் எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு நன்றாக இருந்த நுரையீரல் புற்று நோயாளிக்குக் கட்டி திடீரென்று வேகமாக வளர்கிறது. உடனே இரத்த டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்புகிறோம். பழைய ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 நீக்கம் அப்படியே இருக்கிறது, சி797எஸ் இல்லை, மெட் பெருக்கம் இல்லை என்று அறிக்கை வருகிறது. புதிதாக ஒன்றும் இல்லை என்று எண்ணி அடுத்த மருந்தைத் தேடத் தொடங்குகிறோம். அதற்குள் அந்தக் கட்டி அடினோகார்சினோமாவாக இருப்பதை விட்டுவிட்டு, சிறுசெல் புற்றாக மாறியிருக்கக்கூடும். இந்த மாற்றத்தை இரத்தப் பரிசோதனை எளிதில் காட்டிக்கொடுக்காது. மரபணு வரிசை பெரும்பாலும் அதேதான். அதில் எந்தப் பகுதி படிக்கப்படுகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

இது அபூர்வக் கதை அல்ல. 2011இல் லீசியா செக்விஸ்ட் குழுவினர் அன்றைய ஈஜிஎஃப்ஆர் தடுப்பு மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற 37 நோயாளிகளுக்கு மறு பயாப்சி செய்தபோது, ஐவரின் கட்டி சிறுசெல் புற்றாக மாறியிருந்தது. பின்னர் 2015இல் வந்த ஆய்வு, அப்படி மாறிய கட்டிகளில் ஆர்பி புரதம் அற்றுப்போயிருப்பதையும், ஈஜிஎஃப்ஆர் திரிபு மிஞ்சியிருந்தும் ஈஜிஎஃப்ஆர் புரதமே வெகுவாகக் குறைந்திருப்பதையும் காட்டியது. மருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய இலக்கே அங்கு இல்லை. 2019இல் வெளியான தொகுப்பின்படி, மாற்றத்துக்குப் பின் நோயாளிகள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 11 மாதத்தைக்கூடத் தொடவில்லை.

ஆர்பி1, டிபி53 இரண்டையும் இழந்த கட்டிகள் எல்லாம் இப்படி மாறிவிடுவதில்லை. பெரும்பாலானவை அடினோகார்சினோமாவாகவே நீடிக்கின்றன. இந்த இழப்பு கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. அதன் வழியே செல்லை வேறு அடையாளத்துக்குக் கொண்டுபோவது படியெடுப்புக் காரணிகள்.

புராஸ்டேட் புற்றில் இது தெளிவாகத் தெரிந்தது. 2017இல் சார்லஸ் சாயர்ஸ் ஆய்வகம், டிபி53, ஆர்பி1 இரண்டும் போனதும் சாக்ஸ்2 மேலெழுவதையும், அதை அடக்கினால் ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் என்சலூட்டமைடு மீண்டும் வேலை செய்வதையும் காட்டியது. யாமனாகா 2006இல் முதிர்ந்த செல்லைத் தண்டுச் செல்லாக்கப் பயன்படுத்திய நான்கு காரணிகளில் சாக்ஸ்2 ஒன்று என்பதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுவருடம் ஓவன் விட்டே குழு, இயல்பான நுரையீரல் எபிதீலியச் செல்லிலும் புராஸ்டேட் எபிதீலியச் செல்லிலும் ஒரே ஐந்து மாற்றங்களைச் செய்து சிறுசெல் புற்றை உருவாக்கியது. இரு உறுப்புகளிலிருந்து வந்த கட்டிகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

புராஸ்டேட் நோயாளிக்கு மருத்துவமனையில் இதன் விளைவு விபரீதமானது. பிஎஸ்ஏ ஆண்ட்ரோஜன் ஏற்பியின் கட்டளையில் உருவாகும் புரதம். ஏற்பியின் ஆட்சி முடிந்த கட்டியில் பிஎஸ்ஏ ஏறாது. கல்லீரலில் முடிச்சுகள் மட்டும் பெருகும். குறைந்த பிஎஸ்ஏவைப் பார்த்து நிம்மதி அடைவது இங்கே ஆபத்து.

எல்லா மாற்றமும் சிறுசெல் புற்றின் நரம்பு-நாளமில்லாத் திசையிலேயே போவதில்லை. சுண்டெலி ஆய்வில், நுரையீரல் அடினோகார்சினோமாவில் என்கேஎக்ஸ்2-1ஐ நீக்கியதும் செல்கள் இரைப்பைச் செல்களின் குணத்தைப் பெற்றன. முன்பு என்கேஎக்ஸ்2-1உடன் சேர்ந்து நுரையீரல் மரபணுக்களில் அமர்ந்திருந்த ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 இரண்டும் இடம் மாறி இரைப்பை மரபணுக்களுக்குப் போய்விட்டன. கருவில் நுரையீரலும் இரைப்பையும் ஒரே முன்குடலிலிருந்து பிறந்தவை. அந்தப் பழைய வழி அடைபடவில்லை. டிடிஎஃப்-1 என்று நாம் தினமும் சாயமேற்றுவது இதே என்கேஎக்ஸ்2-1தான். டிடிஎஃப்-1 இல்லாத, ஹெச்என்எஃப்4ஏ உள்ள மியூசின் சுரக்கும் நுரையீரல் கட்டியைக் குடலிலிருந்து பரவியது என்று எழுதிவிடும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாக்ஸ்2, ஏஎஸ்சிஎல்1 போன்ற படியெடுப்புக் காரணிகளை நேரடியாகத் தாக்கும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. படியெடுப்புக் காரணியைத் திருத்தி நோயைத் தீர்த்த பெரிய வெற்றி, ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தால் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியாவில் கிடைத்ததுதான். ஷாங்காய் மருத்துவர்கள் அதை 1988இலேயே காட்டினர். ஆனால் காரணியைத் தாக்க முடியாவிட்டாலும் அது இயக்கும் புரதத்தைத் தாக்கலாம். ஏஎஸ்சிஎல்1 கட்டளையில் செல்லின் மேற்பரப்புக்கு வரும் டிஎல்எல்3ஐ இலக்காகக் கொண்ட டார்லட்டமாப், சிறுசெல் புற்றுக்கு 2024 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாறிய கட்டிக்கு அது எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்று இன்னும் போதாது. பிளாட்டினம்-எட்டோபோசைட் பலருக்குக் கட்டியைச் சுருக்குகிறது. அதைத் தொடங்கவும் கட்டி மாறிவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டுமே!

அதைச் சொல்லும் இடம் நோய்க்குறியியல் துறை. சினாப்டோபைசின் சில செல்களில் ஒட்டியதை மட்டும் வைத்துச் சிறுசெல் என்று எழுதக்கூடாது. உருவ அமைப்பும் பொருந்த வேண்டும். உட்கருவில் தெளிவாகப் படியும் ஐஎன்எஸ்எம்1, கூடவே ஆர்பி, பி53 சாயங்கள் ஆகியவை பெரிய மரபணுப் பலகையைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். நரம்பு-நாளமில்லாக் குறிகள் எதுவும் இல்லாமல் உருவம் மட்டும் சிறுசெல்லாகத் தெரிந்தால் பிஓயூ2எஃப்3ஐப் பாருங்கள்.

சிகிச்சை தரும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இலக்கு மருந்து கைவிட்டதும், நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், வேகமாக வளரும் முடிச்சிலிருந்தே திசு எடுங்கள். படிவத்தில் முந்தைய மருந்தின் பெயரையும் எத்தனை மாதம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்; ‘மறு பயாப்சி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதைத் தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது. மருந்து எதிர்ப்பு பற்றி இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், திரிபுப் பட்டியலோடு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த திசுப்படங்களையும் இணைத்து அனுப்புங்கள்.