நைக்கியின் நஷ்டம் யார் தலையில்?

விளையாட்டுப் பாதரட்சைகளுக்கு உலகெங்கும் பெயர் பெற்ற அமெரிக்க நைக்கி கம்பெனிக்குக் கஷ்டகாலம் நேர்ந்தது. 2024 ஜூன் 28-ந் தேதி ஒரே நாளில் அதன் பங்கு விலை சுமார் ஐந்தில் ஒரு பாகம் வீழ்ந்தது. 2025 மே மாதத்தில் முடிந்த கணக்கு வருஷத்தில் விற்பனை நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்து, சுமார் 4,630 கோடி டாலராயிற்று. நேராகவே விற்று லாபம் பெறலாமென எண்ணிப் பழைய வியாபாரிகளை ஒதுக்கியது இதற்கு ஒரு முக்கிய காரணம். போதாக்குறைக்கு, அமெரிக்க சர்க்கார் 2025-ல் விதித்த இறக்குமதி வரிகளால் 100 கோடி டாலர் அதிகச் செலவாகுமென்று நிர்வாகிகள் அவ்வருஷம் ஜூனில் மதிப்பிட்டனர். சரக்கு செய்து கொடுப்போருடனும் கடைக்காரருடனும் சேர்ந்து அதைச் சமாளிப்பதாகவும் கூறினர்.

இந்தக் கடைசி வாக்கியமே நம் கவனத்துக்குரியது. நைக்கிக்காகப் பாதரட்சை செய்வோர் பெரும்பாலும் வியட்நாம், இந்தோனேஷியா, சீனா ஆகிய தேசங்களிலுள்ள காண்டிராக்டுதாரர்கள். நமது செய்யாற்றிலும் தைவான் முதலாளிகளின் தொழிற்சாலையொன்று அவ்வேலையைச் செய்கிறது. தோலின் விலையையும் ரப்பரின் விலையையும் காண்டிராக்டுதாரர் இஷ்டம்போல் குறைக்க முடியாது. அவரை நெருக்கினால், அவர் கை எளிதில் நீளுவது கூலியின் மீதுதான்.

இது வீண் பயமன்று. இந்தோனேஷியாவின் அற்பக் கூலியைப் பற்றி 1990-க்குப் பின் கண்டனம் எழுந்தது. 1996-ல் பாகிஸ்தானில் பந்து தைக்கும் சிறுவனின் படம் வெளிவந்தது. 1997-ல் வியட்நாம் தொழிற்சாலையொன்றின் விஷ ஆவியைப் பற்றிய தணிக்கை அறிக்கை அம்பலமாயிற்று. தொழிற்சாலைகள் தம்முடையவையல்ல என்பதே கம்பெனியார் முதலில் கூறிய சமாதானம். 1998 மே மாதத்தில்தான், நைக்கி என்றால் அடிமைக் கூலி என்று ஜனங்கள் நினைக்கும் நிலை வந்துவிட்டதை அதன் தலைவர் மிஸ்டர் பில் நைட் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தொழிலாளரின் குறைந்தபட்ச வயதை உயர்த்துவதாக வாக்களித்தார். 2005-ல் தொழிற்சாலைகளின் ஜாபிதாவையும் கம்பெனி வெளியிட்டது. இவற்றைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால், ஜாபிதா வயிற்றை நிரப்பாது. காண்டிராக்டுதாரரின் ஆட்கள் கம்பெனியின் ஆட்களல்லர் என்ற வாதம் நியாயஸ்தலத்தில் செல்லலாம். விலை, தரம், கெடு ஆகிய மூன்றையும் நிர்ணயிப்பவர், கூலி விஷயத்தில் மட்டும் மூன்றாம் மனிதராகிவிடுவது தர்மத்தின் முன் செல்லாது. வரி ஏறினாலும் விற்பனை குறைந்தாலும் கூலியில் கைவைப்பதில்லை என்ற ஷரத்தைக் கம்பெனி தன் ஒப்பந்தங்களிலேயே எழுதட்டும். நிர்வாகிகளின் தவறுக்குத் தையல் மெஷினருகே நிற்கும் பெண் அபராதம் கட்டுவது நியாயமாகாது.