தீயணைப்பு வீரருக்கே பென்ஷன் உறுதி இல்லைன்னா, நமக்கு?

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல தினமும் ட்ரெயின் பிடிக்க ஓடுற வயசுல பென்ஷன் பத்தி யோசிக்கத் தோணாது. ஆனா நம்ம ஊர் போலீஸ், தீயணைப்பு வீரர்களுக்கு நடந்ததைப் பாருங்க.

2003 ஏப்ரல் 1-லிருந்து தமிழ்நாடு அரசு வேலையில் சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பதிலுக்கு வந்தது சிபிஎஸ். சம்பளத்துல 10% பிடித்தம், அரசு பங்கு இன்னொரு 10%. ரிட்டயர் ஆகும்போது மொத்தமா ஒரு தொகை வந்துச்சு. மாசாமாசம் எதுவும் வரலை. எரியுற வீட்டுக்குள்ள முதல்ல நுழையிறவருக்கும் இதே கதிதான் இருந்துச்சு!

கடைசிச் சம்பளத்துல 50% தர்ற உறுதி ஓய்வூதியத் திட்டம் 2026 ஜனவரியிலதான் அறிவிக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைக்கிறவங்களை 20 வருஷத்துக்கு மேல காக்க வெச்சது தப்புன்னுதான் நான் சொல்வேன்.

சரி, தனியார் வேலையில இருக்கிற நமக்கு? இபிஎஸ் கணக்கு: சம்பளம் × சர்வீஸ் ÷ 70. 2014-ல வெச்ச 15,000 ரூபாய் உச்சவரம்புப்படி, 35 வருஷ சர்வீஸுக்கு மாசம் 7,500 ரூபாய். 2014 செப்டம்பருக்கு அப்புறம் முதல்முறையா பிஎஃப்-ல சேரும்போதே பேசிக் 15,000-ஐத் தாண்டியிருந்தா, அதுவும் கிடையாது.

அரசாங்கம் கொடுத்த வாக்கே ஒரு உத்தரவுல மாறுது. அதனால பிஎஃப் பாஸ்புக்ல இபிஎஸ் காலத்தை இன்னைக்கே பாருங்க. வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்காம புதுக் கணக்குக்கு மாத்துங்க. இன்க்ரிமென்ட் வரும்போதெல்லாம் எஸ்ஐபி-யையும் கொஞ்சம் ஏத்துங்க.

உங்க பாஸ்புக்ல இபிஎஸ் இருக்கா? கமென்ட்ல சொல்லுங்க.