வாங்குமுன் அளந்து பாருங்கள்

மாணவர்களே, உங்கள் கணினிக் கழகத்தின் இணையத்தளம் மெதுவாகத் திறந்தால், “சர்வருக்குக் கூடுதல் நினைவகம் வாங்குவோம்” என்ற பேச்சுதான் முதலில் எழும். அதற்கு அவசரப்பட வேண்டாம் என்பேன். பல வேளைகளில் குறை நினைவகத்தின் அளவில் இல்லை; அதைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி தேவைப்படும் தரவுகளை வட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள அது ஓர் இடத்தை ஒதுக்குகிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்த இடம் பொதுவாக 128 மெகாபைட்தான். 8 ஜிகாபைட் கணினியில் இது 2 விழுக்காடுகூட இல்லை. நினைவகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த அளவு தானாகக் கூடாது. தரவுத்தளத்திற்கென்றே உள்ள சர்வரில் கால் பங்கிலிருந்து தொடங்கலாம் என்கிறது அதன் கையேடு. மீதி இயங்குதளத்திற்கும் மற்ற வேலைகளுக்கும் வேண்டும்.

அப்படியானால் எல்லா அளவையும் ஏற்றிவிடலாமா? கூடாது. தரவுகளை வரிசைப்படுத்தும் ஒவ்வொரு வேலைக்கும் 4 மெகாபைட் வரை என்பது வழக்கமான வரம்பு. யாரோ சொன்னதை நம்பி அதை 64 ஆக்கினால் என்ன ஆகும்? நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து, ஆளுக்கு ஒரு வேலை அந்த வரம்பைத் தொட்டால் 6,400 மெகாபைட். முன்பு ஒதுக்கிய கால் பங்கு 2,048. மொத்தம் 8,448, இருப்பதோ 8,192! நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் இயங்குதளம் ஏதாவதொரு நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும். அது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் நிரலாகவே இருக்கும். நாள்தோறும் ஒழுங்காக ஓடிய தளம், தேர்வு முடிவு வெளியாகும் காலையில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

“நினைவகம் மலிவு, நேரம்தான் விலை கூடியது” என்று சிலர் வாதிடலாம். அளந்து பார்த்தபின் உண்மையிலேயே போதவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். அளக்காமல் வாங்கினால் பழைய தவறு புதிய கணினிக்கும் குடிபெயரும்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி நினைவிருக்கிறதா? இங்கு நீங்கள் மாற்றும் அளவு தற்சார்பு மாறி. பக்கம் திறக்கும் நேரம் சார்பு மாறி. ஒரு முறைக்கு ஓர் அளவை மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆசிரியரிடம் பணம் கேட்கப் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.