விரலுக்கேத்த கம்பி



நம் பள்ளியில் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிற பேச்சு கிட்டார் கம்பிதான். இங்கே படித்து இன்று மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற ஒரு அண்ணன், தன்னுடைய பழைய எலக்ட்ரிக் கிட்டாரையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரையும் நம் பள்ளிக்குக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டு கம்பி அறுந்து போச்சு. மீதி நாலும் துருப்பிடிச்சிருக்கு. நாம எல்லாரும் சேர்த்த காசில் ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும். எதை வாங்குவது என்று வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். அதற்கு முன்னால் என் கருத்தையும் நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு அண்ணன்கள் "பத்து" வாங்கணும்னு சொல்றாங்க. நான் "ஒன்பது" வாங்கணும்னு சொல்றேன். ஒன்பதாம் வகுப்பு என்பதால் ஒன்பது கேட்கிறாள் என்று சிரிக்காதீர்கள்! விஷயம் இருக்கிறது.

பத்தும் ஒன்பதும் என்ன?

கிட்டார் கம்பியின் தடிமனுக்கு "கேஜ்" என்று பெயர். அதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கிறார்கள். ஒரு செட்டில் உள்ள மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலம் என்றால் அது "ஒன்பது" செட். 0.010 அங்குலம் என்றால் "பத்து" செட். வழக்கமான ஒன்பது செட்டில் கம்பிகள் 9, 11, 16, 24, 32, 42 என்று இருக்கும். பத்து செட்டில் 10, 13, 17, 26, 36, 46 என்று இருக்கும்.

"இவ்வளவுதானா வித்தியாசம்? இதுக்கா சண்டை?" என்று கேட்பீர்கள். மெல்லிய கம்பிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் ஒரு தலைமுடியை விடக் குறைவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரே நீளம், ஒரே சுருதி, ஒரே உலோகம் என்றால் கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 9-இன் வர்க்கம் 81. 10-இன் வர்க்கம் 100. 81 எங்கே, 100 எங்கே? முதல் கம்பியில் மட்டும் சுமார் 23 சதவீதம் கூடுதல் இறுக்கம்! ஆறு கம்பியையும் சேர்த்தால் பத்து செட்டில் ஏறக்குறைய 8 கிலோ கூடுதல் இழுவை வருகிறது.

அண்ணன்கள் கை வயலில் மண்வெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. அவங்களுக்கு இது ஒண்ணும் பெரிசில்லை. ஆனால் கிட்டார் அவர்களுக்கு மட்டும் கொடுத்ததில்லையே! ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் விரல் வலித்து இரண்டே நாளில் கீழே வைத்துவிட்டால், "ஆர்வம் இல்லை" என்றுதான் நாம் சொல்வோம். கம்பி தடிமனாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். கம்பியைத் தேர்வு செய்யும்போதே யார் வாசிக்கலாம் என்பதையும் நாம் தேர்வு செய்துவிடுகிறோம். இதுதான் என் கட்டுரையின் முக்கியக் கருத்து.

தடிச்ச கம்பிதான் கெத்தா?

"ஒன்பதெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க கம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தில் எழுதினால் நியாயம் தெரியாது. அதனால் கிட்டார் கொடுத்த அண்ணனிடம் கேட்டும், கம்ப்யூட்டர் லேபில் படித்தும் சில செய்திகளைத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் இசட் இசட் டாப் என்ற குழுவில் பில்லி கிப்பன்ஸ் என்று ஒருவர் வாசிக்கிறார். நெஞ்சு வரைக்கும் தாடி! அவர் போடுவது "ஏழு". ஒன்பதை விட மெல்லிசு. அவரும் முதலில் தடித்த கம்பிதான் போட்டிருந்தாராம். புகழ்பெற்ற கலைஞர் பி. பி. கிங் அவருடைய கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எதற்கு இவ்வளவு சிரமப்படுகிறாய் என்று கேட்டதாகவும், அதற்குப் பிறகுதான் மெல்லிய கம்பிக்கு மாறியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தாடியைப் பார்த்து யாராவது "பொம்பளைப் பிள்ளைங்க கம்பி" என்று சொல்வார்களா?

இன்னொருவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த டோனி அயோமி. 1965-இல் 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான்! அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் மெல்லிய கிட்டார் கம்பி கிடைப்பது கஷ்டம். பேன்ஜோ என்ற வேறொரு வாத்தியத்தின் கம்பியைப் போட்டு வாசித்தார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் 1970-இல் வந்தது. உலகத்திலேயே கனமான ராக் இசைக்கு முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். கனமான இசை மெல்லிய கம்பியிலிருந்து வந்திருக்கிறது, பாருங்கள்!

பொம்பளைப் பிள்ளை வாசிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1940-களிலேயே எலக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறியவர். 1973-இல் காலமான அவருக்கு 2018-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். எனவே இந்த வாத்தியம் யாருடையது என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது.

நம்ம பாட்டுக்கு எது பொருந்தும்?

நாம் வாசிக்கப் போவது ராக் மட்டும் இல்லை. ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டும் கிராமியப் பாட்டும்தான் வாசிப்போம். நம்ம பாட்டில் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். குழைவு, கமகம் எல்லாம் வேண்டும். கிட்டாரில் அதைக் கொண்டு வர, மெட்டின் மேல் கம்பியை அழுத்திப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மெல்லிய கம்பி சுலபமாக வளையும்.

இதற்கு நம்ம பக்கத்திலேயே சான்று உண்டு. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969-2014) எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்து உலகப் புகழ் பெற்றவர். சாதாரண மாண்டலினில் இரண்டிரண்டாக நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பிகள். அவரோ ஒற்றை ஒற்றையாக ஐந்து கம்பிகள் வைத்து வாசித்தார். ஜோடிக் கம்பியை ஒரே மாதிரி இழுத்துக் கமகம் கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் கிடைக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தன் இசைக்கு எது தேவையோ அதை வைத்துக்கொண்டார்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு

அண்ணன்கள் சொல்வது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. தடித்த கம்பியில் ஒலி கொஞ்சம் கனமாக இருக்கும். வேகமாக அடித்து வாசித்தாலும் சுருதி அவ்வளவாக அசையாது. மெல்லிய கம்பியை அளவுக்கு மீறி அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ஸ்டீவி ரே வான் என்ற மேதை "பதிமூன்று" போட்டே வாசித்தார். ஆனால் அவரும் கிட்டாரை அரைச் சுருதி இறக்கித்தான் கட்டியிருந்தார்.

"சத்தம் பத்தாது" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைக் கூட்டுவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. குமிழைத் திருகினால் போதுமே! அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறும் என்பதற்கும் மருந்து இருக்கிறது. மெதுவாக அழுத்தப் பழகுவதுதான் அது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல பழக்கமும்கூட.

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கலாம் என்றால் நடு வழியும் உண்டு. 9, 11, 16, 26, 36, 46 என்று ஒரு கலப்பு செட் விற்கிறார்கள். மெல்லிய மூன்றும் ஒன்பது செட்டில் உள்ளவை. தடித்த மூன்றும் பத்து செட்டில் உள்ளவை. இழுத்து வாசிக்கிறவர்களுக்கும் இளசு, அடித்து வாசிக்கிறவர்களுக்கும் கனம். ஒன்பதுக்கு மன்றம் சம்மதிக்காவிட்டால் இதையாவது வாங்க வேண்டுகிறேன்.

கடையில் ஏமாற வேண்டாம்

கம்பி என்றால் ஏதோ ஒரு கம்பி என்று நினைக்கக் கூடாது. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே "பிக்கப்" இருக்கிறது. அது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுவே. அறிவியல் பாடத்தில் படிப்பது சும்மா இல்லை, நண்பர்களே!

அதனால் நைலான் கம்பி போட்டால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. சாதாரண கிட்டாருக்கான வெண்கலச் சுற்றுக் கம்பி போட்டால், வெண்கலத்தைக் காந்தம் கவராது என்பதால், தடித்த கம்பிகளின் ஒலி மங்கிவிடும். எலக்ட்ரிக் கம்பியிலும் மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. சுத்த நிக்கல் சுற்றியது இனிமையாக, மென்மையாக ஒலிக்கும். துருப்பிடிக்காத எஃகு பளிச்சென்று ஒலிக்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகு இரண்டுக்கும் நடுவில். எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவருவது என்பதால் நமக்கு அதுவே போதும்.

இன்னொன்று. தடிமன் மாற மாற கிட்டாரின் கழுத்தில் விழும் இழுவையும் மாறும். அதற்கேற்ப உள்ளே இருக்கும் கம்பியைத் திருகிச் சரிசெய்ய வேண்டி வரும். மாதத்துக்கு ஒரு செட் மாற்றிப் பார்க்கலாம் என்பது நடக்காது. ஒரு தடவை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

வாங்கிய பிறகு ஒரு விதியும் வேண்டும். வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இப்போது இருக்கிற நாலு கம்பியும் துருப்பிடிக்க நம் கை வியர்வையும் ஒரு காரணம்.

முடிவாக

"விரலுக்கேத்த வீக்கம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் விரலுக்கேத்த கம்பி என்கிறேன். காய்ப்பு ஏறிய விரலால் மெல்லிய கம்பியையும் வாசிக்க முடியும். பிஞ்சு விரலால் தடித்த கம்பியை வாசிக்க முடியாது. அப்படியென்றால் பொதுவான கிட்டாருக்கு எந்தக் கம்பி நியாயம்? அடுத்த வருடம் எல்லார் விரலும் உறுதிப்பட்ட பிறகு "பத்து" வாங்கலாம் என்று முடிவானால், முதலில் கை தூக்குவது நானாகத்தான் இருப்பேன்.

ஆசிரியப் பெருமக்களே! கூட்டத்தில் பெரிய வகுப்பு மாணவர்களை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், வரிசையில் பெயர் கொடுத்த ஆறாம் வகுப்பு வரை எல்லாரையும் கேட்டு முடிவு செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தோழர்களே, தோழியரே! வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள். சிந்தித்துக் கை தூக்குங்கள்.



இப்படிக்கு,
உங்கள் அன்புத் தோழி,
ஒன்பதாம் வகுப்பு மாணவி