ஜோனின் மகன், ஜோனின் மகள்

கடந்த வருடம் இணையவழிக் கணிதப் போட்டியொன்றுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? வாப்பாவின் பெயரை முதலெழுத்தாக முன்னால் போடுவோம், அவ்வளவுதான். வேறு வழியின்றி அவர் பெயரையே அதில் எழுதினேன். ஒரு மாதத்தின் பின் சான்றிதழ் வந்தது. ‘திரு’ என்று போட்டு, வாப்பாவின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். “கணக்குச் செய்தது நான், சான்றிதழ் வாப்பாவுக்கா?” என்று கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று தேடியபோது ‘ஜோன்சன்’ என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பொருள் ஜோனின் மகன். அந்த ஜோன் வேறு யாருமல்ல, நபி யஹ்யா (அலை) அவர்களின் பெயர்தான். அதற்கு முன் எவருக்கும் இடப்படாத பெயர் என்று சூரா மர்யம் கூறும் அந்தப் பெயரிலிருந்து பிறந்த ஜோன்சன், 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அமெரிக்காவில் இரண்டாவது அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்! ஒரு காலத்தில் உண்மையாகவே ஒருவரின் தந்தையைக் குறித்த சொல், பின்னர் பரம்பரைக்கே உறைந்துவிட்டது. அதனால் மகள்மாரும் ‘மகன்’ என்ற சொல்லையே சுமக்கிறார்கள்.

பெயர் ஒன்றானால் குணமும் ஒன்றாகுமா? இரண்டு ஜனாதிபதிகளைப் பாருங்கள். 1865இல் லிங்கன் கொல்லப்பட்டபோது பதவிக்கு வந்தவர் அன்ட்ரூ ஜோன்சன். 1963இல் கென்னடி கொல்லப்பட்டபோது பதவிக்கு வந்தவர் லிண்டன் ஜோன்சன். முன்னவர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குப் பிரஜாவுரிமை அளிக்கும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் அதிகாரத்தால் மறுத்தார். காங்கிரஸ் அதையும் மீறி நிறைவேற்றியது. பின்னவர் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரே பெயர், ஒரே விதமான வாய்ப்பு, செயல் மட்டும் வேறு.

லிண்டன் ஜோன்சன் 1973இல் இறந்ததும், ஹூஸ்டனிலுள்ள நாஸாவின் விண்வெளி நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே நாஸாவில் இன்னொரு ஜோன்சன் இருந்தார். அவர் கெத்தரின் ஜோன்சன். அவரது ஊரில் கறுப்பினப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லை. தந்தை ஜோஷுவா கோல்மன் பிள்ளைகளின் படிப்புக்காகத் தூரத்திலிருந்த இன்னோர் ஊரில் குடும்பத்தைக் குடியமர்த்தினார். அந்த மகள் கணிதம் கற்று, 1953இல் நாஸாவின் முன்னோடி நிறுவனத்தில் கணிப்பாளராகச் சேர்ந்தார். அவரது பிரிவில் ஆய்வறிக்கைகளில் பெண்களின் பெயர் இடம்பெறாத காலம் அது. 1960இல் வெளியான அறிக்கையொன்றில் அவரது பெயரும் ஆசிரியராக அச்சாகியது. 1962இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், கணினி தந்த எண்களை அந்தப் பெண் சரிபார்க்கட்டும் என்று கேட்டார்.

2017இல் நாஸாவின் லேங்லி ஆய்வு நிலையத்தில் ‘கெத்தரின் ஜி. ஜோன்சன்’ என்ற பெயர் தாங்கிய கட்டடமொன்றைத் திறந்தார்கள். அப்போது அவருக்கு 99 வயது. அந்த ‘ஜி’ முதற்கணவரான கோபிளின் எழுத்து. ஜோன்சன் இரண்டாவது கணவரின் பெயர். ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ப் படிக்கவைத்த கோல்மனின் பெயர் அந்தக் கட்டடத்தில் இல்லை. இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

எங்கள் மார்க்கத்தில் அப்படியில்லை. கதீஜா பின்த் குவைலித், பாத்திமா பின்த் முஹம்மத் என்று, திருமணத்தின் பின்னும் அவர்கள் தந்தையின் மகளாகவே அறியப்பட்டார்கள். ‘பின்த்’ என்றால் மகள். மகளை மகளென்றே சொல்லும் பெயர் எங்களுடையது. பெண் தன் பெயரை இழக்காத இந்த வழக்கம் பெருமைக்குரியது என்பதே என் கருத்து.

ஆனால் தோழியரே, அந்தப் பெருமையை நாம் காப்பாற்றுகிறோமா? எங்கள் ஊரில் ஒரு பெண்ணை ஹாஜியாரின் மகள், பின்னர் இன்னாரின் மனைவி, அதன் பின் இன்னாரின் உம்மா என்கிறோம். பின்த் என்ற சொல்லுக்கு முன்னால் கதீஜா என்றொரு பெயர் இருந்தது. நாம் அதைத்தான் விட்டுவிடுகிறோம். இன்னொரு பக்கம், ஒரு பிள்ளையின் திறமையைப் பார்க்குமுன் “எந்தக் குடும்பம்?” என்று கேட்கிறோம். குடும்பப் பெயர் மனிதரை அளக்கும் கோலல்ல என்பதற்கு அந்த இரு ஜனாதிபதிகளே சாட்சி. அல்லாஹ்விடத்தில் மேன்மை தக்வாவினாலேயே என்று படித்த நாம் அதை மறக்கலாமா?

சான்றிதழைத் திருத்தித் தருமாறு போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினேன். வாப்பாவின் பெயரை நீக்கச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் என் பெயரையும் போடுங்கள் என்றுதான் கேட்டேன். கடிதத்தை வாசித்துப் பார்த்த வாப்பா, “அதுதான் சரி மகள்” என்றார்.